செம்புழு எட்டும் தூரம்

ஜனவரி 21, செவ்வாய்

தாயில்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து விருதுநகர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கையில் சேற்று டப்பா. கண்டக்டர் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். "என்னய்யா, தூண்டிலுக்கா?" ஆராய்ச்சிக்கு என்றேன். "புழுவையா படிக்கீக?" என்று கேட்டுவிட்டு ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். பஸ் முழுக்கச் சிரித்தது.

கல்லூரிக்கு வந்து பார்த்தால் அறுபது புழுவில் நாற்பத்தேழு செத்திருந்தன. தை மாதம்தான். தைக்கே இந்த வெயில்.

கைடு லட்சுமிகாந்தம் சார் வழக்கமான பாட்டைப் பாடினார். "கண்மாய்க் கரையிலயே ஃபார்மலின்ல போட்டுக் கொண்டா சிவபாண்டி. குடல்ல என்ன இருந்துச்சோ அது அப்படியே நிக்கும்." செத்த புழு எதைத் தின்றது என்று சொல்லும். எப்படித் தின்றது என்று சொல்லுமா? என் தலைப்பு என்ன, கண்மாய் வண்டலில் செம்புழுக்களின் உணவுமுறை. சாப்பாட்டுப் பட்டியல் இல்லை, முறை. இதைச் சொன்னேன். "அப்ப உன் இஷ்டம்" என்றார்.

என் இஷ்டம்தான். இனிமேல் உயிரோடு வீட்டில் வைக்கப் போகிறேன். ட்ரேயில் சேறு, மேலே இரண்டு விரல் தண்ணீர். இரண்டு நாள் கவனித்துவிட்டு வீட்டிலேயே ஃபார்மலினில் போட்டுக் கொண்டுபோவேன். செத்ததற்கு லக்கேஜ் கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

ட்ரேக்கள் பின்வாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வேப்பமர நிழல் அங்கேதான் நாள் முழுக்க விழுகிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "குளிக்கிற எடத்துல புழுவ வச்சா நாங்க எங்கன போயிக் குளிக்க?" குளியுங்கள், புழு உங்களைப் பார்க்காது என்றேன். முறைத்தாள்.

காலையில் ஒரு மணி நேரம் குத்தவைத்து லென்ஸில் பார்த்தேன். எச்சில் நூலால் சேற்றுத் துகளை ஒட்டித் தனக்கு ஒரு குழாய் கட்டிக்கொள்கிறது. வாலை உள்ளே கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டி, சுற்றிக் கிடப்பதை வழித்து இழுத்து வந்து தின்கிறது. எட்டும் தூரம் அதன் உடம்பு நீளம்தான். அந்த வட்டம் தீர்ந்துவிட்டால் தன் வீட்டுச் சுவரையே பிய்த்துத் தின்கிறது. ருசி பார்ப்பதில்லை. வாய்க்குள் நுழைகிற அளவு இருந்தால் போதும். உள்ளே போனது சில மணி நேரத்தில் பின்னால் வந்துவிடும், அடுத்த லோடு உள்ளே போகும்.

இதை ஃபார்மலின் பாட்டிலுக்குள் பார்த்திருக்க முடியுமா?

வளர்ந்தால் கொசு மாதிரி ஒரு பூச்சி. கடிக்காது. கடிக்காததால் எவனுக்கும் அக்கறை இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

புழுக் குடலின் முதல் இருபது ஸ்லைடு. டயட்டம் என்கிற நுண்பாசி, பச்சைப் பாசி, அழுகிய கருவேல இலை. எதிர்பார்த்ததுதான். சலிப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்றாம் ட்ரே காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உள்ளே பதினாறு புழு, சருகு மாதிரி.

நான் விருதுநகரிலிருந்து வீடு வர ஏழாகிவிடும். அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டில். ஐந்தரைக்கே வீட்டுக்கு வருவது அழகுமீனா அக்கா ஒருத்திதான். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக் கம்பெனியில் பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிறாள். வந்ததும் நேராக அந்தத் துவைக்கிற கல்லுக்குத்தான் போவாள். ட்ரே அங்கேயிருந்து ஒரு முழம். கண் இல்லையா?

கத்தினேன். "ஒரு கப்புத் தண்ணி ஊத்துனா உன் கை தேஞ்சா போகும்?"

அம்மாதான், "வந்தும் வராததுமா அவ மேல ஏம்லே பாயுற? உன் புழுவுக்கு அவ என்ன ஆயாவா?"

"விடும்மா. நாளைலருந்து நான் ஊத்துறேன்லே. மறக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பிப்ரவரி 5, புதன்

ட்ரேயில் தண்ணீர் இருந்தது. சரி.

பிப்ரவரி 13, வியாழன்

கிடைத்துவிட்டது.

புழுக்கள் கட்டிய குழாய்கள் மின்னுகின்றன. சேற்று நிறக் குழாயில் ஜிகினா ஒட்டியது போல வெள்ளி வெள்ளியாகத் துகள். கல்லூரியில் முப்பது புழுவைக் கீறிப் பார்த்தேன். இருபத்திரண்டின் குடலில் அதே மினுமினுப்பு. இது என்னவென்று சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு லேப் வந்து சொல்ல வேண்டாம். ஆனாலும் ஒரு சொட்டு காஸ்டிக் சோடாக் கரைசல் விட்டேன். குமிழ் குமிழாக வந்தது. வெடிக்குப் போடுகிற அலுமினியப் பவுடர்.

கம்பெனிக்குப் பின்னால் ஓடுகிற ஓடை நேரே கண்மாய்க்குள் இறங்குகிறது. வேறு எங்கிருந்து வரும்? ஜனவரி ஸ்லைடில் இல்லை, பிப்ரவரியில் இருக்கிறது. பொங்கல் லீவு முடிந்து கம்பெனி முழு வேகத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான் காரணம்.

எங்கள் கண்மாய். எங்கள் அப்பா அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார். ஆடு மாடு அதைத்தான் குடிக்கிறது. ஓடையில் மருந்தைக் கழுவி விட்டுவிட்டு ஏசி காரில் போகிறார்கள்.

பிப்ரவரி 15, சனி

ஓடைக்குள் இறங்கிப் பார்த்தேன். கிழிந்த அட்டைக் குழாய், கலர் காகிதம், பிளாஸ்டிக் கயிறு. பவுடர் கண்ணில் படவில்லை. ஓடைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து வந்தார். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"கோட்டைச்சாமி மகன்தான நீ? புழு வளக்கிறியாமே."

"வளக்கல அண்ணாச்சி. அது எதைத் திங்குதுன்னு பாக்கிறேன். உங்க பவுடரைத்தான் திங்குது."

"என் பவுடரையா? அது என்ன வெலைன்னு தெரியுமாலே உனக்கு? சிந்துனா கூட்டி அள்ளி வைப்பேன் நான். அதை ஓடையில கொட்ட எனக்கு என்ன கிறுக்கா?"

விலை அதிகம் என்பதால் கொட்ட மாட்டாராம். என்ன ஒரு நியாயம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போட்டோக்களைச் சாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். "கன்ட்ரோல் எங்க?" என்றார்.

மேலே கம்பெனியே இல்லாத ஒரு கண்மாயிலிருந்தும் புழு எடுத்து, அதிலும் பவுடர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாதாம். ஆமத்தூர் பக்கம் ஒரு கண்மாய் இருக்கிறது, என் ஜூனியர் ரோஷினி அங்கே போய் எடுத்துவரட்டும் என்றார். அவள் சிவகாசி பிரஸ்காரர் மகள். கல்யாணக் கார்டு அடிக்கிற மாதிரி நேர்த்தியாக லேபிள் ஒட்டுவாள். பாதியை அவள் கரையிலேயே ஃபார்மலினில் போடுவாள், மீதியை உயிரோடு என் வீட்டு ட்ரேயில் வைக்க வேண்டும்.

இதெல்லாம் முடிய ஒரு மாதம். ஒரு மாதம் அது கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டே இருக்கட்டுமா?

பிப்ரவரி 24, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டேன். சாரிடம் சொல்லவில்லை.

இரண்டு பக்கம், ஆறு போட்டோ. நான் எழுதியதிலேயே உருப்படியான வாக்கியம் இதுதான்: "இந்த உயிரி தன் உடம்பு நீளத்தைத் தாண்டிப் போய் எதையும் தின்பதில்லை. ஆகவே அதன் குடலில் இருப்பது அதன் வீட்டைச் சுற்றி இருப்பதே."

மறுக்க முடியாது. எவனாலும் முடியாது.

மார்ச் 3, திங்கள்

ஆய்வுக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். கண்மாய்ச் சேற்றைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வரும்வரை வேலை நடக்கக் கூடாது என்று கேட்டில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் நடந்துவிட்டது. எழுதத் தெரிந்தவன் எழுதினால் நடக்கும்.

முப்பத்தெட்டுப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அக்காவும்.

சாயங்காலம் அவள் பின்வாசலில், மருந்து அடைக்கும்போது போடுகிற கம்பெனிக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நாளைக்கே வேலை இருப்பது போல.

மார்ச் 6, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் சோலையம்மாள். அக்காவோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறவள். எல்லார் முன்னாலும் கேட்டாள். "என்னய்யா சயின்டிஸ்டு, ஒம்ம புழுவெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுதா? எங்க வீட்டுல அடுப்பு பத்தலைய்யா."

வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றேன். "போலாமே. விஸ்வநத்தத்துக்கு வேன் ஏறணும், காலைல அஞ்சரைக்கு. நீரு வந்து எங்க வீட்டுல சோறு பொங்கி வைக்கீரா?"

வீட்டில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். ஊருக்காகத்தானே செய்தேன். யாருக்காவது புரிகிறதா? விஷத்தைத் தின்றாலும் பரவாயில்லை, வேலை இருந்தால் போதும் என்கிறார்கள். முட்டாள் ஊர்.

மார்ச் 11, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது?

ஆமத்தூர் ஸ்லைடுகள் இன்று முடிந்தன. மேலே கம்பெனி இல்லாத கண்மாய். ஓடையும் இல்லாத கண்மாய். பிப்ரவரி கடைசியில் உயிரோடு என் ட்ரேயில் வைத்த முப்பதில் பதினெட்டு மின்னுகின்றன.

ரோஷினியிடம் பாய்ந்தேன். லேபிளை மாற்றிவிட்டாள் என்றேன். ஒழுங்காக ஒரு வேலை செய்யத் தெரியாதா என்றேன். வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும்.

"கத்தாதீங்கண்ணா. லேபிள் சரியாத்தான் இருக்கு. இதையும் பாருங்க" என்று இன்னொரு பெட்டியைத் தள்ளினாள். அவள் கரையிலேயே ஃபார்மலினில் போட்டவை. ஆமத்தூர் முப்பது, ஒன்றுகூட மின்னவில்லை. பக்கத்தில் இன்னொரு முப்பது. எங்கள் ஊர்க் கண்மாய். சார் அவளைத் தனியாக அனுப்பி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அதிலும் ஒன்றுகூட இல்லை.

"கண்மாயில இல்லண்ணா. ரெண்டு கண்மாய்ப் புழுவும் ஒண்ணா இருந்த எடம் ஒண்ணுதான்."

எந்த இடம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதற்கும் கத்தியிருப்பேன்.

மார்ச் 12, புதன்

கல்லூரிக்குப் போகவில்லை.

காலையில் அக்கா பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். "ட்ரேல தினமும் தண்ணி யாரு ஊத்துனது?"

"நாந்தேன். நீதான ஊத்தச் சொன்ன."

"எந்தக் கப்புல?"

துவைக்கிற கல்லின் மேல் இருந்த பச்சைக் கப்பைக் காட்டினாள். தலைக்கு ஊற்றுகிற கப்பு. கோட்டை அலசுகிற கப்பு. அடியில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரல் நுனி வெள்ளியாக மின்னியது.

"கம்பெனி நடந்தவரைக்கும் ஒருநாள் தவறலலே. வந்ததும் மூஞ்சிகூடக் கழுவ மாட்டேன், முதல்ல அதுகளுக்கு ஊத்திருவேன். செத்துப்போனா நீ கத்துவியே."

அப்போதும் நான் என்ன செய்தேன்? கத்தினேன். கையைக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும் என்று தெரியாதா, ஆராய்ச்சி என்றால் உனக்கு விளையாட்டா, என் ஒரு வருசம் போச்சு — என்னென்னமோ.

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"புழு பளபளன்னு இருக்குன்னு கலெக்டர் ஆபீசு வரைக்கும் போன. நான் மூணு வருசமா பளபளன்னுதான்லே வாறேன். ஒனக்குத் தெரியலையா?"

தெரியும். தினமும் பார்த்ததுதான். காது மடல், நகக்கண், தலையணை உறை. அவள் சாப்பிட்டு வைத்த டம்ளரின் விளிம்பு. எனக்கு அது கம்பெனி அழுக்கு. புழு மேல் இருந்தால்தான் அது அலுமினியம்.

மார்ச் 13, வியாழன்

கப்பின் அடியைச் சுரண்டி ஸ்லைடில் வைத்தேன். காஸ்டிக். குமிழ்.

மார்ச் 14, வெள்ளி

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி 4: ஒரு கப்புத் தண்ணி ஊத்துனா கை தேஞ்சா போகும். பிப்ரவரி 13: குழாய்கள் மின்னுகின்றன. நடுவில் ஒன்பது நாள். என் கையெழுத்தில், என் தேதியோடு, அப்படியே கிடக்கிறது. கரையிலேயே ஃபார்மலினில் போடச் சொன்னதும் இருக்கிறது. பவுடரைக் கொட்ட எனக்குக் கிறுக்கா என்று அண்ணாச்சி கேட்டதும் இருக்கிறது.

கிறுக்கு அவருக்கு இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். மனு கொடுத்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று நின்றேன். "திங்கட்கிழமை போய் எழுதிக் கொடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 15, சனி

அக்காவிடம் கேட்டேன். கோட்டை ஏன் வீட்டுக்குக் கொண்டுவருகிறாய், கம்பெனியில் குளிக்க இடம் கிடையாதா?

"இருக்கு. ரெண்டு ரூமு. அதுல அட்டப்பெட்டி அடுக்கிருக்காக. போன வருசம் சோலையம்மா கேட்டா. ஒரு வாரத்துக்கு வேலைக்கு வர வேண்டாம்னுட்டாக. பெறகு யாரு கேப்பா? கோட்டும் அங்கனதான் துவைக்கணுமாம், போர்டுல எழுதிப் போட்டிருக்கு. வீட்டுக்குத்தான் குடுத்துவிடுதாக."

போர்டில் எழுதிப் போட்டிருக்கிறதாம். எனக்குக் கொதித்தது. இதையே எழுதுகிறேன், இப்போதே எழுதுகிறேன் என்று எழுந்தேன்.

"இருலே. முதல்ல எழுதுனத அழி. கம்பெனி தெறக்கட்டும், நாங்க உள்ள போகணும். அதுக்குப் பெறகு எழுது." நான் உட்கார்ந்ததும், "எம் பேரையும் போடு" என்றாள்.

வேலை போய்விடும் என்றேன். "இப்ப மட்டும் இருக்கா?"

மார்ச் 17, திங்கள்

எழுதிக் கொடுத்தேன். "கண்மாயில் பவுடர் இருந்ததாக நான் கூறியது தவறு. மாதிரிகள் என் வீட்டில் கெட்டுப்போனவை." மனு வாங்கியவர் இரண்டு முறை படித்தார். "மனு குடுக்கிறவங்களைப் பாத்திருக்கேன். நான் சொன்னது தப்புன்னு மனு குடுக்கிறவனை இப்பத்தான்ப்பா பாக்கிறேன்."

மார்ச் 18, செவ்வாய்

சீனிவாசகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், தப்பு என் பேரில் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

"புழுவைக் காட்டிப் பூட்டுன. இப்பக் கப்பைக் காட்டித் தொறக்க வந்திருக்க. நாளைக்கு என்னத்தக் காட்டுவ?"

"குளிக்கிற ரூமைக் காட்டணும் அண்ணாச்சி. அதுல அட்டப்பெட்டி இருக்காமே."

"அதை எவளும் கேக்கலையே."

"கேட்டவள ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புனீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சண்டையில் முடிந்தது. எனக்கு வேறு விதமாகப் பேச வராதா?

மார்ச் 26, புதன்

சேற்றில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. கம்பெனி திறந்தது. அக்கா போனாள். சாயங்காலம் மின்னிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டாவது மனு, குளிக்கிற அறையும் கோட்டும் பற்றி. பதினான்கு பெயர்கள், முதல் பெயர் அழகுமீனா. அதே ஆறு போட்டோவைத்தான் வைத்தேன். கீழே எழுதியதை மட்டும் மாற்றினேன். போன முறை எழுதிய வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். குடலில் இருப்பது வீட்டைச் சுற்றி இருப்பதே. அது உண்மைதான். எந்த வீடு என்பதில்தான் கோட்டை விட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து புது ஏற்பாடு. இரண்டு ட்ரே. ஒன்றுக்கு நான் தனிக் கப்பில் ஊற்றுவேன். இன்னொன்றுக்கு அக்கா எப்போதும் போல, வந்த கையோடு, பச்சைக் கப்பில். சாரே ஒத்துக்கொண்டார். "இது தீசிஸ்ல வராது" என்றார். வர வேண்டாம்.

என் ட்ரே: முப்பதில் பூஜ்யம். அக்கா ட்ரே: முப்பதில் பத்தொன்பது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அக்கா இப்போது நான் வந்ததும் வாசலிலேயே கேட்கிறாள். "இன்னைக்கு எத்தன?"

இருபத்தொன்று.

ஏப்ரல் 25, வெள்ளி

வீட்டு ட்ரேயில் வைத்த இருநூற்றுநாற்பது ஸ்லைடையும் ஆராய்ச்சியிலிருந்து தள்ளிவிட்டோம். கரையிலேயே ஃபார்மலினில் போட்டவை மட்டும்தான் கணக்கு. டயட்டம், பாசி, அழுகிய இலை. எங்கள் கண்மாயில் அறுபதில் நான்கில் மட்டும் கருஞ்சிவப்பு நிறத்தில் காகித நார்.

ரோஷினி எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பிரஸ் மையா இருக்கும். மறுபடி மனு எழுதப் போறீங்களாண்ணா?" என்றாள்.

"முதல்ல ஆமத்தூர்ல பாக்கணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சார்கூடச் சிரித்தார்.

மே 2, வெள்ளி

ஆய்வுக்கு வந்தார்களாம். வருவது முதல் நாளே தெரிந்து கம்பெனிக்காரர்கள் அட்டைப் பெட்டியை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இரண்டு அறையும் சுத்தம், வாளியில் தண்ணீர், புது சோப்பு. வந்தவர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள், போனார்கள். இன்று பெட்டிகள் திரும்ப வந்துவிட்டன. சோப்பையும் காணோமாம்.

போய் அந்தக் கேட்டை உடைக்கலாம் போல இருக்கிறது. மூன்றாவது மனு எழுதட்டுமா என்றேன். "ஒன் மனுவ விடு" என்றாள் அக்கா. சோலையம்மாள் இரண்டு நாளாக வீட்டுக்கு வந்துவந்து போகிறாள். நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மே 8, வியாழன்

அக்கா கோட்டு இல்லாமல் வந்தாள்.

"கேட்ல தொங்கவிட்டுட்டு வந்துட்டோம்" என்றாள். யார் யார்? "முப்பத்தெட்டுப் பேரும்தான்." சாயங்காலம் வேலை முடிந்ததும் வரிசையாகப் போய் முப்பத்தெட்டுக் கோட்டையும் கம்பெனிக் கேட்டில் கட்டிவிட்டார்கள். "இனி இது எங்க வீட்டுக்கு வராது. துவைச்சுக் குடுத்தா நாளைக்குப் போட்டுக்குவோம், துவைக்கலன்னா உள்ள வர மாட்டோம்." பேசியது சோலையம்மாள். தீபாவளி சீசன் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிற நேரம் பார்த்து.

அண்ணாச்சி என்ன சொன்னார் என்றேன். "கார்க் கண்ணாடிய எறக்குனாரு. கேட்டப் பாத்தாரு. ஏத்திட்டாரு."

எனக்குத் தோன்றவே இல்லை இது. இரண்டு டிகிரி படித்தவன்.

மே 9, வெள்ளி

கோட்டுகள் கேட்டிலேயே. யாரும் உள்ளே போகவில்லை. விஸ்வநத்தத்திலிருந்து ஆள் கொண்டுவரப் பார்த்தார்களாம், வேன் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம்.

மே 12, திங்கள்

அப்பா என்னோடு பேசினார். "பருத்திக்குத் தண்ணி பாய்ச்சணும், வாரியா?" போனேன். கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும். முப்பத்தெட்டுக் கோட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வெயில் பட்டால் மின்னுகின்றன. அப்பா நின்று பார்த்தார்.

மே 14, புதன்

அட்டைப் பெட்டி வெளியே போயிற்று. கோட்டையும் இனிக் கம்பெனியிலேயே துவைப்பார்களாம். பெண்கள் உள்ளே போனார்கள்.

ஆனால் அறை இரண்டுதான், ஆட்கள் முப்பத்தெட்டு. கடைசி ஆள் குளித்து முடிக்க ஆறரை ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் யார் நேரம்? இதற்கு இன்னும் கோபப்பட வேண்டியிருக்கிறது. அக்கா சொல்கிறாள், சோலையம்மாள் அதையும் மனதில் வைத்திருக்கிறாளாம்.

ஜூன் 3, செவ்வாய்

கண்மாய் வற்றிவிட்டது. மடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை மட்டும். இந்த வருசத்தின் கடைசிப் புழுக்கள் முப்பதை ஞாயிற்றுக்கிழமை எடுத்து ட்ரேயில் வைத்திருந்தேன்.

ஞாயிறு என்றாலும் அன்று சீசன் வேலை இருந்தது. அக்கா ஆறரைக்கு வந்தாள். ஈரத் தலை, கழுத்தில் துண்டு, சோப்பு வாசனை. பின்வாசலில் ட்ரேக்கு முன்னால் நின்றாள். பச்சைக் கப்பு கையில்.

"ஊத்தவா, நீயே ஊத்திக்கிறியா?"

ஊத்து என்றேன்.

இன்று முப்பதையும் கீறிப் பார்த்தேன். குழாய் எல்லாம் சேற்று நிறம். குடல் எல்லாம் பச்சையும் பழுப்பும். மாலையில் வாசலில் நின்று வழக்கம் போலக் கேட்டாள், இன்னைக்கு எத்தன என்று. அவளிடம் சொல்வதற்கு முன்னால் கல்லூரியில் இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

பூஜ்யம்.